அண்ணி உண்டாக்கிய நோயாளிகள்

1

இந்தக் கதை, சாப்பாட்டு மேஜையில் அண்ணி ஒரு நாள் கொட்டித் தீர்த்த கோபத்திலிருந்து வந்தது. நான் தட்டைக் கழுவப் போகிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டேன்.

அண்ணிக்கு டெஸ்டிங் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி. அந்த மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க நோயாளிகள் வேண்டும். நிஜ நோயாளிகளின் விவரங்களை எடுத்துப் போடலாம், இல்லாவிட்டால் இல்லாத ஆட்களைக் கற்பனையாக உண்டாக்கலாம். அண்ணி உண்டாக்குகிற கட்சி. கதை எழுதுகிற நானும் அந்தக் கட்சிதான், ஆனால் அவர் அளவுக்கு எனக்கு வராது. சத்தியமாக.

2

முதல் தொடக்கம்: வானம் இருண்டுகொண்டு வந்த அந்த...

வேண்டாம். அந்த அலுவலகத்தில் ஜன்னலே கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: மேனேஜர் சிடுசிடுத்தார்.

“ஆஸ்பத்திரியே முழு டேட்டாவையும் குடுத்திருக்கு. அதை விட்டுட்டு ஏங்க ஆளுங்களை உருவாக்கிட்டு உக்காந்திருக்கீங்க? டம்மி எல்லாம் சுத்தபத்தமா இருக்கும். நெஜத்துல இருக்கற குளறுபடி வராது.”

“குளறுபடிதானே சார்? நான் பண்ணித் தர்றேன்.”

பண்ணினாரே! ஒரே பெயர், ஒரே பிறந்த நாள், ஆனால் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர். இன்னும் பெயர் வைக்காத கைக்குழந்தை. வரும்போதெல்லாம் ஒவ்வொரு வயது சொல்லும் ஓர் அத்தை. அந்த அத்தைக்கு ஈடாக என் நாவலையே கொடுத்துவிடுவேன். மென்பொருள் தடுமாறி விழுந்தது. தப்பு கண்டுபிடிப்பதுதானே டெஸ்டிங்!

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முன்பு வேறொரு குழு நிஜ டேட்டாவை வைத்துச் சோதித்ததில், ‘நாளை வெறும் வயிற்றில் வரவும்’ என்ற செய்தி நிஜமான கைபேசிகளுக்கே போய்விட்டது. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் பசியோடு ஒரு கூட்டம். நான் சிரித்தேன். அண்ணி முறைத்தார்.)

3

இங்கேதான் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு மனுஷி இவ்வளவு நல்லவராக இருக்க முடியுமா?

ஏனென்றால் அந்த நிஜ டேட்டாவில் என் அண்ணனும் இருக்கிறான். அதே ஆஸ்பத்திரியில்தான் பரிசோதனை செய்துகொண்டான். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டான். அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடுவதில்லை. பெயரைத் தட்டினால் ரிப்போர்ட் அண்ணியின் கண்முன்னே வந்து நிற்கும்.

“நெஜமாவே பாக்கலையா அண்ணி?”

“கை துறுதுறுன்னுதான் இருந்துச்சு. பாக்கல.”

“நானா இருந்தா பாத்திருப்பேன்.”

“தெரியும். அதனாலதான் உங்களை மாதிரி ஆளுங்ககிட்ட யாரும் பாஸ்வேர்ட் குடுக்கறதில்ல.” சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். “அவரே சொல்லட்டும் தம்பி. கம்ப்யூட்டரைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் அவர் மூஞ்சியில எப்படி முழிக்கறது?”

கண் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறார். அண்ணி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

4

முடிவு ஒன்று: ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள். (டம்மி.)

முடிவு இரண்டு: ஒரு நாள் அண்ணி தாங்கமாட்டாமல் அண்ணனின் பெயரைத் தட்ட...

தட்டமாட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மூன்றாவது முடிவு எனக்குத் தெரியும். அண்ணன் காரில் வைத்து என்னிடம் சொன்னான். “அவகிட்ட மூச்சு விடாதே” என்றும் சொன்னான். விடவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன், அது என்னுடைய டேட்டா இல்லை.

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவன் அண்ணன்தான். இதையும் இப்போது அவன்தான் படித்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணா, தாளைக் கீழே வை. அண்ணி அடுத்த அறையில்தான் இருக்கிறார், உனக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். எழுந்து போ. மிச்சத்தை நீயே சொல்லு.