எல்சியின் பங்கு வேலி

குலசிங்கம் தன் வீட்டுப் பின்வளவில் பட்மின்ரன் கோர்ட் போடப்போகிறான் என்ற செய்தி எல்சியின் காதில் விழுந்தது ஞாயிற்றுப் பூசை முடிந்து வரும் வழியில். சொன்னவள் யாரோ ஒருத்தி. குலசிங்கத்தைக் கட்டியவள் எல்சியின் சொந்தத் தங்கை றோஸ். முதல்நாள் பின்னேரம்கூட எல்சியின் குசினிப் படியில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவள், இதைப்பற்றி வாயே திறக்கவில்லை. எல்சிக்கு அந்த இடத்திலேயே வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

அன்புவழிபுரத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. தகப்பன் ஒரே வளவை இரண்டாக்கிப் பெண்களுக்குச் சீதனம் எழுதியபோது நடுவில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி போட்டார். அந்த வேலி மூத்தவளின் பங்கு. வருடா வருடம் கிடுகு மாற்றி அடைக்க வேண்டியது எல்சி வீடு. ஒரு வேலிக்கு ஒரு வீடுதான் பொறுப்பு, மற்ற வீடு அதில் கைவைக்காது. ஊர் வழக்கம் அது. வேலியில் எல்சியின் குசினிக்கு நேரே ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து வரக்கூடிய அளவு ஓட்டை. தாய் செத்தபிறகு றோஸுக்குத் தலை இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் எல்சி. கலியாணம் கட்டிய பிறகும் பின்னேரமானால் அந்தப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி "அக்கா" என்று வந்துவிடுவாள் றோஸ். பிள்ளைகுட்டி இல்லாத எல்சிக்கு பொழுது விடிவதே அந்தக் குரலைக் கேட்கத்தான்.

கோர்ட் வேலை மும்முரமாக நடந்தது. மரவள்ளியைப் பிடுங்கினார்கள், முருங்கையைத் தறித்தார்கள், புற்றுமண் பரப்பித் தண்ணீர் தெளித்தார்கள். குலசிங்கம் துறைமுகத்தில் வேலை செய்கிறவன். அங்கிருந்து வந்த பழைய தார்ப்பீப்பாவில் மணல் நிரப்பி அதை உருட்டி உருட்டித் தரையை இறுக்கினான். சுண்ணாம்பில் கோடு கீறி வலையும் கட்டியாயிற்று. எல்சி கிடுகு நீக்கலுக்குள்ளால் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். பார்க்கவில்லை என்று புருசன் இராஜநாயகத்திடம் சாதித்தாள்.

விளையாட்டு தொடங்கியதும் பின்னேரத் தேத்தண்ணிக்கு றோஸ் வருவது நின்றுபோனது. துறைமுகத்து உத்தியோகத்தர்கள் வந்தார்கள், அவர்களின் பெண்சாதிகளும் வந்தார்கள். அவர்களில் பாக்கியரத்தினம் மிஸிஸ் என்ற ஒருத்தி றோஸின் தோளிலே கையைப் போட்டபடிதான் நிற்பாள். எல்சிக்கு மற்ற எதையும்விட அந்தக் கைதான் கண்ணில் குத்தியது. தான் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட தலைக்குப் பக்கத்தில் அது என்ன வேலை பார்க்கிறது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இறகுப்பந்து வேலிக்கு மேலால் வந்து விழும் நேரங்களில் மட்டும் றோஸ் பொட்டுக்குள்ளால் ஓடிவருவாள். பந்தை எடுத்துக்கொண்டு படியில் கொஞ்சம் குந்துவாள், எல்சியின் கோப்பையில் இரண்டு மிடறு குடிப்பாள்.

"அக்கா, நீங்களும் வாங்கோவன்."

"துள்ளிக் குதிக்க எனக்கென்ன விசரே? உன்ர மிஸிஸ் தேடப்போறா, போ."

றோஸ் சிரித்துவிட்டுப் போவாள். அந்த இரண்டு மிடறும் பெரிய பாக்கியமென்று எல்சிக்கு அப்போது தெரியவில்லை. இவளுக்கு வேண்டியிருந்தது முழுப் பின்னேரமும்.

வேலி அடைக்கும் காலம் வந்தது. இராஜநாயகம் கிடுகு விசாரித்துக்கொண்டு வந்தான்.

"இந்த வருசம் வேண்டாம்," என்றாள் எல்சி.

"ஏனப்பா? கிடுகெல்லாம் உக்கிப்போய்க் கிடக்கு. கச்சான் காத்து எழும்பினால் ஒண்டும் மிஞ்சாது."

"மிஞ்சாட்டிப் போகட்டும்."

மிஞ்சக் கூடாது என்பதுதான் அவளுடைய திட்டம். கச்சான் காற்று மேற்கிலிருந்து வருவது. றோஸ் வீட்டுக்கு மேற்கே நிற்பது இந்த வேலி. இந்த மறைப்பில்தான் அங்கே பந்து நேராகப் பறக்கிறது. இதை முதலில் கண்டுபிடித்தவள் ஒரு தரம்கூடப் பந்தைத் தொடாத எல்சிதான்.

கச்சான் எழும்பியது. உக்கிய கிடுகுகள் உரிந்து போயின, நட்ட கதியால் தடிகள் மட்டும் நின்றன. கோர்ட்டில் அடித்த பந்து றோஸ் வீட்டுக் கிணற்றுக்குள் விழுந்தது. முதலில் சிரித்தார்கள், பிறகு சலித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள். கடைசி ஆளும் வராத அன்றைக்கு எல்சி இன்னொரு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

றோஸ் வந்தாள். பொட்டு எது வேலி எது என்று தெரியாத வெளிக்குள்ளால், நிமிர்ந்தபடியே வந்தாள்.

"அக்கா, வேலி அடைக்கேல்லையோ?"

"அத்தானுக்கு நாரி நோ. இடுப்பை வளைச்சு அடைக்க ஏலாது."

"இவர் ஆள் பிடிச்சு விடுறன் எண்டு சொன்னவர்."

"என்ர பங்கு வேலி. மற்றாக்கள் கை வைக்கத் தேவையில்லை."

அந்த நேரம் பார்த்து இராஜநாயகம் தங்கள் கிணற்றடியில் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு விறுவிறென்று நடந்துபோனான். றோஸ் அவனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், திரும்பிப் போனாள்.

விளையாட்டில்லாத பின்னேரங்கள் வந்தன. எல்சி இரண்டு கோப்பை கழுவி வைத்துக் காத்திருந்தாள். வந்தது றோஸ் இல்லை, சீமெந்துக் கல் ஏற்றிய லொறி. கூடவே கிண்ணியாவிலிருந்து மேசன் அபூதாஹிர். குலசிங்கம் தன் காணிக்குள்ளேயே, வேலியோரமாக, சுவர் கட்டுகிறான். அதைக் கேட்க எல்சிக்கு உரிமையில்லை.

சுவர் முழங்காலளவு எழும்பியபோது அபூதாஹிர் குசினிக்கு நேரே வந்து நின்றான்.

"இதில போய்வாற தடம் கிடக்கு. ஒரு வாசல் விடவோ?"

றோஸ் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். நேரே எல்சியைப் பார்த்தாள்.

"அக்காவைக் கேளுங்கோ. அவ சொல்லுறபடி."

ஓம் என்ற சொல் எல்சியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது பார்த்து, சுவர் பார்க்க வந்திருந்த அந்தப் பாக்கியரத்தினம் மிஸிஸ் வீட்டுக்குள்ளிருந்து வந்து, றோஸின் தோளில் கையைப் போட்டாள்.

"எனக்கென்னத்துக்கு வாசல்?" என்றாள் எல்சி. "காத்துப் பூராமல் வடிவா அடைச்சுக் கட்டுங்கோ."

அப்படியே கட்டச் சொல்லி றோஸ் அபூதாஹிருக்குத் தலையை ஆட்டினாள்.

சுவர் முடிந்தது. காற்று அடைபட்டது, ஆட்டம் திரும்பத் தொடங்கியது. ஒருநாள் பின்னேரம் பந்தொன்று சுவருக்கு மேலால் வந்து குசினிப் படியில் விழுந்தது. எல்சி ஓடிப்போய் எடுத்தாள், இறகில் ஒட்டிய மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு வந்து சுவரோடு நின்றாள். கூப்பிட்டால் உடனே கொடுக்கலாம், வாசல் கதையையும் எடுக்கலாம்.

அந்தப் பக்கத்தில் றோஸின் குரல் கேட்டது. அதில் கோபம் ஒரு துளியும் இல்லை.

"அக்காட வளவுக்குள்ள விழுந்திட்டுது. விடுங்கோ, வேற ஒண்டு இருக்கு."