லுக்ரியோவின் பல்

படிக்கட்டில் சாடி மோதும் சத்தம் முதலில் கேட்டது, பிறகுதான் தம்பியின் மூச்சு. வீபியா தண்ணீர்க் குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தம்பி செலர், கழுத்து உடைந்த எண்ணெய்ச் சாடி ஒன்றை இடுப்பில் தாங்கிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்துகொண்டிருந்தான். ஆற்றங்கரைக் கிடங்கில் சுமை தூக்குபவனுக்கு இப்படி ஒன்று கிடைப்பது பெரிய காரியமில்லை.

"மெதுவாடா! படியெல்லாம் என் தலைமேலதான் நிக்குது!" என்று தெருவாசலில், படிக்கட்டுக்கு அடியில் காடி விற்கிற கடைக்காரன் கத்தினான். மேலே யார் செத்தால் என்ன, அவன் தலை பத்திரமாக இருக்க வேண்டும்.

உள்ளே கட்டிலில் செலரின் மனைவி தல்லூசா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதப் பிள்ளை. காய்ச்சலோடு மல்லாடி, விடிந்ததும் அடங்கிவிட்டான். பெற்றவள் இன்னும் அவனைத் தரையில் கிடத்த விடவில்லை.

"அதை வெளிய வைங்க," என்றாள் அவள், சாடியைப் பார்த்ததும். "என் புள்ளைக்குப் பல்லு வந்துருச்சு."

"எங்கடி வந்துச்சு?" என்று கேட்டான் செலர்.

"நேத்து பால் குடிக்கும்போது கடிச்சான். வலி உயிர் போச்சு. நீங்களா பால் குடுத்தீங்க, உங்களுக்குத் தெரியறதுக்கு?"

"ஈறாலயே எல்லாப் புள்ளையும் கடிக்கும்டி," என்றான் செலர். சாடியைக் கதவுக்கு வெளியே இறக்கி வைத்தான்.

ரோமாபுரியில் பல் முளைக்காத பிள்ளையை எரிக்க மாட்டார்கள். மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும். சொந்த வீடு உள்ளவர்கள் தங்கள் கூரையின் இறவாரத்துக்கு அடியிலேயே குழி தோண்டி வைத்துக்கொள்வார்கள். ஐந்தாம் மாடிக் குடித்தனத்துக்கும் இறவாரம் உண்டு, ஆனால் அதற்கு அடியில் இருப்பது தெரு. அதனால்தான் பிள்ளையை உள்ளே வைத்துப் புதைக்க இந்தச் சாடி. நகர வாசலுக்கு வெளியே சாலையோரம் புதைத்தால், ஒரு மழைக்குப் பிறகு எது யாருடைய பிள்ளை என்று பெற்றவளாலும் சொல்ல முடியாது. பல் இருந்துவிட்டால் கதையே வேறு. சிதை உண்டு. சாம்பலைச் செலரின் அப்பா அம்மா சாம்பல் இருக்கிற மாடக்குழியில் வைக்கலாம், பலகையில் லுக்ரியோ என்று பிள்ளையின் பெயரை வெட்டலாம். பிப்ரவரியில் வருகிற இறந்தோர் திருநாளன்று உப்பும் வைனில் நனைத்த ரொட்டியும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வரலாம். தல்லூசா கேட்டது அவ்வளவுதான்.

வீபியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சன்னல் பலகையைத் திறந்தாள், மூடினாள். பெருக்கிய தரையை மறுபடி பெருக்கினாள். சும்மா உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

சாவுக்குரிய தெய்வமான லிபிட்டீனாவின் கோயிலிலிருந்து சாவுக் காரியம் பார்க்கிற ப்ரோமியுஸ் வந்து சேர்ந்தான். "சாகறவங்க கொஞ்சம் கீழ் மாடியாப் பாத்துச் சாகக்கூடாதா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே நுழைந்தவன், கட்டிலைப் பார்த்ததும் குல்லாயைக் கழற்றிவிட்டான்.

"குழியா, சிதையா?"

"குழி," என்றான் செலர். "சிதை," என்றாள் தல்லூசா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

ப்ரோமியுஸ் தலையைச் சொறிந்தான். "புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல நான் வர மாட்டேம்மா. வீட்டுல மூத்த பொம்பள யாரு? அவங்க பாத்துச் சொன்னா எனக்குப் போதும்."

மூத்தவள் வீபியாதான். அவளும் ஒரு மகளைப் பெற்று, பல் முளைக்கும் முன்பே பறிகொடுத்தவள். புருஷன் வீட்டு இறவாரத்துக்கு அடியில் வைத்தார்கள். அந்த வீடு தீப்பிடித்துப் போய், இப்போது அங்கே ஒரு குளிப்பகம் நிற்கிறது. ஈரக் காலோடு அத்தனை பேரும் தன் மகள்மேல் நடக்கிறார்கள் என்று அவள் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. ஆனால் பல்லில்லாத பிள்ளையை நெருப்பில் போட்டால் நெருப்பும் ஏற்காது, மண்ணும் ஏற்காது, அது நடுவில் கிடந்து அலையும் என்று கேட்டு வளர்ந்தவளும் அவள்தான். அதை அவள் முழுசாக நம்பினாள்.

கையைக் கழுவிக்கொண்டு குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டாள். கீழ் ஈறு வழவழவென்று சில்லிட்டிருந்தது. மேலேயும் அப்படித்தான். மறுபடி கீழே தடவினாள். ஒன்றும் இல்லை.

"அக்கா," என்றான் செலர். காலையிலேயே அவனும் தடவிப் பார்த்துவிட்டான் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

தல்லூசா கெஞ்சவில்லை. தெரிந்த விஷயத்தை இன்னொருத்தர் வாயால் கேட்கப் போகிறவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கு," என்றாள் வீபியா. "கீழ, ஒண்ணு. இப்பத்தான் எட்டிப் பாக்குது."

அவள் விரலைப் பாவாடையில் துடைப்பதையே ப்ரோமியுஸ் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குல்லாயை மாட்டிக்கொண்டு, "அப்ப விறகு சொல்றேன்," என்று இறங்கிப் போனான்.

வெளியே வந்த வீபியாவைச் செலர் படிக்கட்டில் வழிமறித்தான். "பொய்தானக்கா?"

"ஆமா."

"நாளைக்கு அவன் அலைஞ்சான்னா?"

"அலைஞ்சா அத்தைகிட்ட வரட்டும். நான் பதில் சொல்லிக்கறேன். நீ போய்த் தீப்பந்தத்துக்கு வழி பாரு." சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறிப் போனாள்.

பொழுது சாய்வதற்குள், ஊருக்கு வெளியே, செலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தீ வைத்தான். பிள்ளை அளவுக்குச் சின்னச் சிதை. சீக்கிரமே எரிந்து தணிந்தது. வானத்தில் ஏதாவது தெரிகிறதா, காற்று திசை மாறுகிறதா என்று வீபியா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் பெண்கள் இருவரும் வெறுங்காலோடு எலும்பு பொறுக்கப் போனார்கள். சாம்பல்மேல் வைனும் பாலும் தெளித்தார்கள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தல்லூசா சொன்னாள்: "அண்ணி, அந்தப் பல்ல மட்டும் தனியா எடுத்துக்கறேன். துணில முடிஞ்சு கழுத்துல கட்டிக்குவேன்."

இதை வீபியா யோசிக்கவே இல்லை.

"சூட்டுல வெடிச்சுப் போயிருக்கும்டி."

"போயிருக்காது. பாக்கறேன்."

தல்லூசா சாம்பலை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினாள். ஒதுக்கியதை ஊதினாள். ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது இல்லை என்று சட்டியில் போட்டாள். வீபியா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். வெயில் ஏற ஏற அந்தக் குனிந்த முதுகைப் பார்க்க அவளால் முடியவில்லை. இனி சொல்லித்தான் ஆக வேண்டும்.

"தல்லூசா, இங்க பாரு. நேத்து நான்..."

"இந்தாங்க!"

தல்லூசாவின் உள்ளங்கையில் கோதுமைக் குருணை அளவுக்கு ஒன்று, வெள்ளையாக. எலும்புச் சில்லு என்றுதான் வீபியா நினைத்தாள். வாங்கித் திருப்பினாள். ஒரு பக்கம் உள்ளே குழிந்திருந்தது, மறுபக்கம் மெல்லிய விளிம்பு. நகத்தால் தட்டிப் பார்த்தாள். பல்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தல்லூசா இன்னொன்றை எடுத்தாள். அப்புறம் அதன் ஜோடி. அப்புறம் தட்டையாக, மேலே சின்ன மேடுகளோடு ஒன்று. ரொட்டி மெல்ல வேண்டிய பல். ஈறுக்குள்ளே எல்லாம் வரிசை கட்டிக் காத்திருந்திருக்கின்றன.

"அண்ணி, நீங்க ஒண்ணுன்னுதான சொன்னீங்க?"

வீபியா சாம்பலிலேயே உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். தல்லூசா ஒவ்வொன்றாக ஊதி, அந்தக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.