ஒரு நம்பர் பெரிய செருப்பு

வலது கால் செருப்பு நாற்சந்தியின் நடுவே கழன்று விழுந்தபோதும் அவள் சைக்கிள் மிதிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பின்னால் வரும் பஸ் மேலேயே ஏறிவிடும் என்று பயம். எதிர்ப்பக்கம் போய் இறங்கி, ஒரு கால் வெறுங்காலாக, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பஸ் போனது, இரண்டு கார்கள் போயின, ஒரு வேன் போனது. விளக்கு சிவப்பானபோது செருப்பு வார் அறுந்து தட்டையாகக் கிடந்தது. அந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் யாரோ சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

அக்கா ஓட்டிய சைக்கிள் அது. இருபத்தாறு வருஷம் அக்கா முன்னால் மிதிக்க, இவள் பின் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து, இரண்டு சாப்பாட்டு டப்பாக்களையும் மடியில் வைத்துக்கொண்டு போவாள். தங்கையை அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் இறக்கிவிட்டு, அக்கா ஆஸ்பத்திரி டெலிபோன் அறைக்கு வேலைக்குப் போய்விடுவாள். நாலு மாதத்துக்கு முன், ஐம்பத்து நாலு வயதில், அந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அதே ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், கார் வைத்திருப்பவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. சைக்கிளையும் வீட்டையும் தங்கைக்கு விட்டுவிட்டு அக்கா போனாள். போனவள் சும்மா இருப்பாளா? தினமும் சாயங்காலம் போன்.

"பின் ரூம் சும்மாத்தான்டி கிடக்கு. அவரே ரெண்டு தடவை கேட்டுட்டாரு, உன் தங்கச்சி எப்ப வராங்கன்னு. ஞாயித்துக்கிழமை வந்து ஒரு பதிலைச் சொல்லு. தனியா உக்காந்து சுவத்தோட பேசிக்கிட்டா இருப்ப?"

சுவரோடு அவள் பேசவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது குழாயைப் பாதிதான் திறப்பது என்று பழகியிருந்தாள். முழுதாகத் திறந்தால், மூடிய பிறகு வரும் அமைதி ரொம்பப் பெரிதாக இருந்தது. காலையில் கேரியரில் டப்பாவை வைத்துக் கட்டும்போது, தன்னையே அங்கே உட்கார வைத்துக் கட்டுவது போல இருக்கும். சரி, வந்துவிடுகிறேன் என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, கடையில் யாரோ கொடுத்த ரப்பர் செருப்போடு செருப்புக் கடைக்குப் போனாள். தனியாகச் செருப்பு வாங்கப் போவது இதுதான் முதல் தடவை.

கடைக்காரர் அந்த ஒற்றையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணைத் தொலைச்சுட்டு வர்றவங்கதாம்மா எனக்கு உண்மையான கஸ்டமர். என்ன சைஸ்?"

"ஏழு."

அவர் அவள் காலைப் பார்த்தார். அளவுப் பலகையை எடுத்துக் கீழே வைத்தார். "விரலை மடக்காதீங்க. நேரா வைங்க."

"நேராத்தானே வெச்சிருக்கேன்?"

குனிந்து பார்த்தாள். கிளையைப் பற்றிய கிளி போல ஐந்து விரல்களும் பலகையைக் கவ்விக்கொண்டிருந்தன. மனசால் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டியிருந்தது.

"ஆறு," என்றார் அவர். "சுத்தமா ஆறு. ஏழு யாருக்கு?"

ஏழு அக்காவுக்கு. அம்மா போன பிறகு செருப்பு வாங்கியதெல்லாம் அக்காதான். ஒரே மாதிரி இரண்டு ஜோடி, இரண்டும் ஏழு. அவசரத்துக்கு யார் எதை மாட்டினாலும் இடது வலது பார்த்தால் போதும் என்பாள். பெரிதாக இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னதற்கு, "லூசா இருந்தா காத்தோட்டம்டி" என்று சிரித்தாள். கேரியரில் போகிறவளுக்கு எந்த அளவாக இருந்தால் என்ன? விரல்கள் பிடித்துக்கொண்டன. கண்ணாடிக் கடையில் இவளுக்குக் 'கால் பாயிண்ட்' என்று பட்டப்பெயர். பவர் கால் பாயிண்ட் பிசகினாலும் லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஊரார் கருவிழிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளப்பவள், தன் பாதத்தை ஐம்பத்தொரு வயது வரை யாரிடமும் நீட்டியதில்லை.

சைக்கிள் மிதிக்க என்று அவள் சொன்னதும் கடைக்காரர் ஷட்டர் இழுக்கும் கம்பியைத் தரையில் போட்டார். மெத்தென்று இருந்த ஒரு ஜோடியை மாட்டிவிட்டு, "இதும்மேல ஏறி மிதிங்க" என்றார். கம்பி உள்ளங்காலில் கோடாக அழுந்தியது.

"குத்துதா? நடக்க சுகமா இருக்கும், ஆனா பெடல் நேரா கால்லயே ஏறும். அடி தட்டையா, கொஞ்சம் விறைப்பா, வழுக்காம இருக்கணும். செருப்புதான் வேணும்னா பின்னாடி வார் இல்லாம எடுக்காதீங்க. லேஸ் வெச்ச ஷூன்னா நுனியை உள்ள சொருகிடணும், இல்லன்னா செயின் பிடிச்சு இழுத்துரும்."

லேஸ் இல்லாமல், ஒட்டும் பட்டை வைத்த நீலக் கேன்வாஸ் ஷூவில் நின்றாள். கம்பி தெரியவில்லை. எழுந்து நாலடி நடந்தாள். ஷூவும் கூடவே வந்தது.

"ஒண்ணா, ரெண்டு ஜோடியா?"

இன்னொன்று ஏழில் என்று வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். "ஒண்ணு போதும்," என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை கடை முழுக்க நின்றது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலம் ஏறும்போதுதான் அது உறைத்தது. இத்தனை வருஷமும் அவள் பார்த்ததெல்லாம் இடது பக்கத்து ரோடு மட்டும்தான். முன்னால் அக்காவின் முதுகு. இப்போது பாலம் நேராகப் போனது, காற்று நேராக நெஞ்சில் அடித்தது. கண்ணில் நீர் வந்தது. குளிரினால் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை. விரல்கள் பிடிக்க எதுவுமில்லாமல் ஷூவுக்குள் விழித்தபடி கிடந்தன.

வாசலில் ஷூவைக் கழற்றி வைத்தாள். அக்கா கையைப் பிடித்து நேரே பின் ரூமுக்கு அழைத்துப் போனாள். கட்டிலில் புது விரிப்பு. ஜன்னலில் இவளுக்குப் பிடித்த பச்சைத் திரை.

"சோப்பு கூட உன் சோப்பாவே வாங்கி வெச்சுட்டேன். என்னடி முடிவு பண்ணின? சொல்லு."

"அக்கா..." என்று ஆரம்பித்தபோது ஜன்னலில் தூறல் சடசடத்தது.

"ஐயோ, சைக்கிள் நனையுது! நீ இரு, நான் போறேன்," என்று அக்கா ஓடினாள். பின்னாலேயே இவளும் வந்தாள். வாசலில் அக்கா குனிந்துகூடப் பார்க்காமல், எப்போதும் போலத் தங்கையின் ஷூவில் காலை விட்டாள். கால் பாதியில் நின்றது. அழுத்தினாள். குதிகால் வெளியே நின்றது.

"என்னடி இது, போகவே மாட்டேங்குது?"

அக்கா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். வெளியே மழை வலுத்தது. சைக்கிள் சீட்டிலும், காலியான கேரியரிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.