ஏழாவது சூனியக்காரி

அன்று அந்த அரங்கில் ஏழு குறும்படங்கள் போட்டார்கள். ஏழும் சூனியக்காரிகளைப் பற்றியவை. ஏழாவது படம் எங்கள் அக்காவைப் பற்றியது. அதனால் எனக்கு முதல் வரிசையில் இடம். நாற்காலியில் ‘சிறப்பு விருந்தினர்’ என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

எங்கள் அக்கா டெய்லர். எங்கள் வீட்டு முன்னறைதான் அவள் கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டுமேஜை, அவ்வளவுதான். யார் துணி கொடுத்தாலும் துண்டுச் சீட்டில் பெயரையும் அளவையும் எழுதுவாள். அந்தத் துணியிலேயே ஒரு நறுக்கு வெட்டி, சீட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்திச் சுவரில் வரிசையாக மாட்டிவிடுவாள். யார் துணி எது என்று குழம்பாமல் இருக்க அவளே கண்டுபிடித்த வழி அது. வேலை செய்யும்போது அளவுகளை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். குறுக்கே பேசினால், “சும்மா இருடி, பதினாலா பதினாலரையா, மறந்து தொலைச்சிடுவேன்” என்று பாய்வாள்.

எதிர்வீட்டுக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. ஆறு வயது. அதற்கான கவுன் அக்காவிடம் பாதி தைத்தபடி கிடந்தது. துணியைத் திரும்ப வாங்க வந்த குழந்தையின் மாமன் சுவரைப் பார்த்தான். குழந்தையின் பெயர், அதன் துணி, நடுவில் ஒரு ஊசி. சுற்றிலும் தெருவில் பாதிப் பேரின் பெயர்கள், பாதிப் பேரின் துணிகள், அதே மாதிரி ஊசிகள்.

மறுநாள் பட்டப்பகலில் வந்து கதவை உடைத்தார்கள். வந்ததில் ஒருத்தர்கூட வெளியாள் இல்லை. அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அக்கா என்னைப் பின்ஜன்னல் வழியாக வெளியே தள்ளினாள். “நீ போ, நான் பேசிக்கறேன். எல்லாம் நமக்குத் தெரிஞ்சவங்கதானே” என்றாள். அவ்வளவுதான்.

மூன்று வருடம் கழித்து அந்த ஏழாவது படத்தின் டைரக்டர் என்னைத் தேடி வந்தான். சின்ன வயசு, பணிவான பையன். “உங்க அக்காவுக்கு நியாயம் கேக்கிற படம்க்கா இது. நாலு பேருக்குத் தெரியணும்” என்றான். மூன்று மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, நறுக்கு, குண்டூசி, முணுமுணுப்பு எல்லாவற்றையும். அவன் எழுதிக்கொண்டான். ஒரு இடத்தில் அழவும் செய்தான்.

விளக்கை அணைத்தார்கள். முதல் படத்தில் பனிக்காட்டில் ஒரு கிழவி குழந்தைகளைக் கூண்டில் அடைத்தாள். அடுத்ததில் கிணற்றடியில் ஒருத்தி, பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. மூன்றாவது கார்ட்டூன். நாலாவதில் வறண்ட நாடு ஒன்றில் விதவையைக் கல்லால் அடித்து விரட்டுகிறார்கள். இதுதான் நம்ம கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் அவள் கையைத் தூக்கினாள், மழை கொட்டியது. ஐந்தாவதில் ஒருத்தி காக்கையாக மாறிப் பறந்தாள். ஆறாவதில் ஆபீஸ் பெண் ஒருத்தி மேனேஜரைச் சபித்துத் தவளையாக்கினாள், அரங்கமே விசிலடித்தது. எத்தனையோ நாடு, எத்தனையோ மொழி. ஆனால் எல்லாவற்றிலும் அவளுக்குச் சக்தி இருந்தது. விரட்டினவன் பயந்தது நியாயம்தான் என்று ஒவ்வொரு படமும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழாவது வந்தது. ‘உண்மைச் சம்பவம்’ என்று முதலில் எழுத்து. டெய்லர், சுவர், சீட்டு எல்லாம் இருந்தன. அவள் முணுமுணுத்தபடி துணியில் ஊசியைக் குத்துகிறாள். எதிர்வீட்டில் குழந்தை வீறிடுகிறது. கதவை உடைத்து வருகிறார்கள். அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக் கையை நீட்ட, எல்லோரும் சுருண்டு விழுகிறார்கள். சிரித்துக்கொண்டே அவர்களைத் தாண்டித் தெருவில் நடந்து போகிறாள். பார்த்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

வெளியே வராந்தாவில் டைரக்டர் ஓடி வந்தான். கையில் ஒரு காகிதமும் பேனாவும்.

“எப்படிக்கா இருந்துச்சு?”

“அந்தக் குழந்தைய எங்க அக்காவா கொன்னா?”

“ஐயோ, அது படத்துலக்கா.”

“சீட்டு யாரோடது? ஊசி யாரோடது? நான் உன்கிட்ட சொன்னதுதானே?”

“அக்கா, கோவப்படாதீங்க. பாவமா காட்டினா எவன் பாப்பான்? நான் அவங்களுக்குப் பவர் குடுத்திருக்கேன். கடைசில அவங்கதானே ஜெயிக்கிறாங்க!”

“எங்க அக்கா ஜெயிக்கல தம்பி. செத்துப்போனா. சக்தி இருந்திருந்தா கதவையாவது பிடிச்சிருப்பா.”

அவன் தலையைச் சொறிந்தான். படம் இன்னும் நாலு நாட்டுக்குப் போகிறதாம். ‘உண்மைச் சம்பவம்’ என்று போட, குடும்பத்தில் ஒருத்தர் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரவேண்டுமாம். “நீங்க இல்லன்னா இந்தப் படமே இல்லக்கா” என்றான்.

பேனாவை வாங்கினேன். வாங்கியதை மறைக்க விரும்பவில்லை. அவளைப் பற்றிப் பேச உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தப்பாகவாவது பேசட்டுமே.

அப்போது படம் பார்த்த ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். படித்தவர், நல்லவர். கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே என் கையைப் பிடித்தார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவங்களுக்கு நெஜமாவே ஏதாவது கொஞ்சம் தெரியுமா?”

குழந்தையின் மாமன் போலீஸ் ஸ்டேஷனில் இதே வார்த்தையைத்தான் சொன்னான். “அவளுக்கு ஏதோ தெரியும் சார்.” கதவை உடைத்த அன்று அவன் கையில் கட்டை இருந்தது, இந்த அம்மா கையில் கைக்குட்டை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

“துணி தைக்கத் தெரியும்” என்றேன். குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. காகிதத்தில் ‘ஆட்சேபம் இருக்கிறது, இந்தப் படம் பொய்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு டைரக்டரிடம் நீட்டினேன்.

அவன் வாங்கிப் படித்தான். “சரி, அந்த எழுத்தத் தூக்கிடறேன். கற்பனைன்னு போட்டுக்கறேன். படத்த என்னால நிறுத்த முடியாதுக்கா.”

“நீ போடு. நான் வெளிய நிக்கறேன்.”

நாலு மணிக்கு இரண்டாவது காட்சி. அரங்க வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், “ஏழாவது படத்துல வர்றது எங்க அக்கா. அவ யாரையும் எதுவும் பண்ணல. சீட்டுல இருந்தது கவுனுக்கு அளவு” என்றேன். படத்துக்கு விளம்பரமாக என்னை ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு பேர் செல்ஃபி எடுத்தார்கள். ஒருவர் கை தட்டினார். கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் நின்று, “அப்ப என்னதான் நடந்துச்சு?” என்று கேட்டார். பாதி சொல்வதற்குள் உள்ளே மணி அடித்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

பின்னால் தாமதமாக ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.