மூன்று தண்டவாளமும் ஒரு விசாரணையும்

மருந்துக் கடைக்காரர் எட்டு மாதமாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவித்தார். பொம்மை ரயிலுக்கு எந்தத் தண்டவாளம் வாங்குவது என்பதுதான் விஷயம். எஞ்சினும் நாலு பெட்டிகளும் எப்போதோ வந்து அலமாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஓடத்தான் வழியில்லை.

கடையில் ஒரு இருமல் மருந்து கேட்டால்கூட, பொடி எழுத்தில் இருக்கும் பக்க விளைவுகளை முழுசாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் சீசாவைக் கையில் தருவார். அந்தப் புத்தி தண்டவாளத்தை மட்டும் விடுமா? மூன்று வகை இருந்தன. முதல் வகை, அடியில் பிளாஸ்டிக் மேடையோடு வரும். சட்டைப் பொத்தான் போல ஒன்றோடு ஒன்று மாட்டினால் போதும், ஆனால் பார்க்கக் கொஞ்சம் பொம்மைத்தனம். இரண்டாவது வகைக்கு மேடை கிடையாது. நேர்த்துண்டு, வளைவுத்துண்டு என்று அளவாக வரும், பலகையில் சின்ன ஆணி அடித்து நிறுத்த வேண்டும். மூன்றாவது, முழ நீளத்துக்குமேல் நாணல் போல வளைவது. நாமே வளைத்து, நாமே அறுத்து, நாமே ஒட்ட வேண்டும். பார்வைக்கு அசல் தண்டவாளம். கை பிசகினால் அசல் விபத்து.

மாதிரிக்கென்று ஒவ்வொன்றிலும் நாலைந்து துண்டு வாங்கி வைத்து, நாற்பத்திரண்டு பக்கத்துக்குக் குறிப்பும் எழுதிவிட்டார். முடிவு மட்டும் வரவில்லை.

யோசனை கேட்க வீட்டிலேயே ஓர் ஆள் உண்டு. சிக்கலே அதுதான். அவர் மனைவி ரயில்வேயில் பாதை ஆய்வாளர். நாளுக்கு எட்டு கிலோமீட்டர் நிஜத் தண்டவாளத்தின் மேல் நடந்து, சுத்தியலால் தட்டி, குனிந்து அளந்து, நிமிர்ந்து எழுதி, இடுப்பு கழன்று வீட்டுக்கு வருபவர். வாசற்படி தாண்டித் தண்டவாளப் பேச்சு வரக் கூடாது என்று கல்யாணமான முதல் மாதமே சட்டம் போட்டிருந்தார். ஒரு தடவை இவர் துணிந்து, "ஏம்மா, சும்மா ஒரு சந்தேகம். மேடையோட வர்றது நல்லதா..." என்று ஆரம்பித்தார்.

"நான் வீட்டுக்கு வந்து உங்ககிட்ட மாத்திரை பேசுறேனா?" என்றார் மனைவி. பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி காலை வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மச்சினன் வந்தான். தரைக்கு டைல் ஒட்டுபவன். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது இன்னும் உண்டாகவில்லை என்று அர்த்தம்.

"எட்டு மாசமா அத்தான்? இந்நேரம் நிஜ ரயிலுக்கே பாதை போட்டு, திறப்பு விழாவும் முடிச்சிருப்பாங்க. மூணையும் ஒண்ணா சேர்த்துப் போடுங்க. ரயில் எந்த இடத்துல நல்லா ஓடுதோ, அதை வாங்குங்க. இதுக்குப் போயி நோட்டு எழுதுறீங்களே!"

"மூணு மருந்தையும் ஒண்ணா கலக்கிக் குடிக்கச் சொல்ற மாதிரி இருக்கே" என்று இழுத்தார் மருந்துக்காரர். வாய்தான் இழுத்தது, கை அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் மாமியார் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தண்டவாளம் தன்னை நோக்கி ஊர்ந்து வருவதைப் பார்த்ததும் கை நின்றது.

"மாப்பிள்ளை, இது என் பக்கம் வருமா?"

"வராது அத்தை. உங்ககிட்ட வந்ததும் வளைஞ்சு போயிடும்."

மேடை வைத்த தண்டவாளம் ஒரு விரல் உயரம், மற்ற இரண்டும் மேஜையோடு மேஜை. மச்சினன் அட்டையை மடித்து மடித்து அடியில் சொருகி, டேப் ஒட்டி வட்டத்தை மூடினான். "கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலும் தெரியாது. நூல் பிடிச்ச மாதிரி நிக்குது பாருங்க!"

முதல் சுற்று பதமாக ஓடியது. மருந்துக்காரர் முகத்திலிருந்து எட்டு மாதக் களைப்பு இறங்கியது. இரண்டாவது சுற்றும் தேவலை.

"என்ன அத்தான், இதை ஆமையே முந்திக்கிட்டுப் போகும்" என்று மச்சினன் வேகம் கூட்டும் குமிழைப் பிடித்து ஒரு திருகு திருகினான். எஞ்சின் பாய்ந்தது. மேடைத் தண்டவாளமும் வளையும் தண்டவாளமும் சேருமிடத்துக்கு வந்ததும் மூக்கைத் தூக்கியது. அப்புறம் அது வளையவில்லை. முன்பதிவு செய்துவைத்தது போல நேராகப் போய்ப் பட்டாணிக் கிண்ணத்தில் விழுந்தது. மூன்று பெட்டிகள் பக்கவாட்டில் சாய்ந்தன, ஒன்று மேஜைக்கடியில் போயிற்று. பட்டாணி திசைக்கொன்றாகச் சிதறியது. மாமியார் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மனைவி, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். சட்டம் அவர் போட்டதுதான். ஆனால் குப்புற விழுந்த எஞ்சினையும், கவிழ்ந்த பெட்டிகளையும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற இரண்டு ஆண்களையும் பார்த்ததும், இருபது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"யாரும் எதையும் தொடாதீங்க!"

சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். முதலில் கணவரைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"வண்டியை ஓட்டினது யாரு?"

"நான்தான்."

"என்ன வேகம்?"

"மிதமான வேகம்தான்."

"குமிழ் கடைசி கோட்டுல நிக்குது. திருப்பினது நீங்களா?"

கட்டின மனைவியிடம் அவள் தம்பியைக் காட்டிக்கொடுப்பதா? "கை பட்டிருக்கலாம்" என்றார்.

"யாரு கை?"

"வீட்டுல இருக்கிற கைதான்."

அடுத்து தம்பி. "அக்கா, பாதை சுத்தமா இருந்துச்சு. எஞ்சின்லதான் கோளாறு."

"பாதைக்காரங்க எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்லுவோம். நானே பத்துத் தடவை சொல்லியிருக்கேன். போ, போயி உட்காரு."

நேரில் பார்த்த சாட்சி மாமியார் ஒருவர்தான். "நான் எங்கே பார்த்தேன்? பட்டாணியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். டங்குனு ஒரு சத்தம், குனிஞ்சா எஞ்சின். வளைஞ்சு போயிடும்னு மாப்பிள்ளை எனக்கு வாக்கு குடுத்திருந்தாரு. அதையும் எழுதிக்கோ."

மனைவி கன்னத்தை மேஜைமேல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடித் தண்டவாளத்தோடு பார்வையை ஓட்டினார். பிறகு நகத்தால் மெல்ல வருடிக்கொண்டே போனார். இணைப்பில் நகம் தட்டி நின்றது.

"ஒரு மில்லிமீட்டர் மேடு. அட்டை வெச்சது யாரு?"

தம்பி மேற்கூரையில் ஏதோ தேடினான்.

"டைல்ல ஒரு மில்லி இருந்தா கண்ணுக்குத் தெரியாதுடா. சக்கரத்துக்குத் தெரியும்."

விசாரணை முடிந்தது என்று தெரிந்ததும் மருந்துக்காரர் சமயம் பார்த்து நுழைந்தார். "அப்போ இந்த மூணுல எதை வாங்கலாம்?" நோட்டையும் நீட்டினார். மனைவி அதைத் திறக்கவில்லை.

"வாங்கி, எங்கே போடப் போறீங்க?"

நாற்பத்திரண்டு பக்கத்தில் அந்தக் கேள்வி இல்லை. "இந்த மேஜைலதான்..."

"அப்போ சாப்பாடு?"

"அப்படிக் கேளு" என்றார் மாமியார்.

"தினமும் போட்டு எடுக்கணும்னா மேடையோட மாட்டுறதுதான் சரி. அறுத்து ஒட்டுறதெல்லாம் தனியா ஒரு ரூமே வெச்சிருக்கிறவங்களுக்கு. முதல்ல இடத்தைப் பார்க்கணும், அப்புறம்தான் பாதை."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எட்டு மாதம் எங்கே போயிற்று என்று மருந்துக்காரருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போட்டது போல் நிம்மதியாகவும் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. "பார்க்கப் பொம்மை மாதிரி இருக்குமேம்மா?"

"பொம்மைதானேங்க!"

அடுத்த ஞாயிறு முழு வட்டமும் வந்தது. மனைவியே உட்கார்ந்து டிக், டிக்கென்று மாட்டினார். மச்சினனுக்கு சோபாவை விட்டு எழுந்திருக்கக் கூடாதென்று உத்தரவு. வண்டி புறப்பட்டது. மனைவி மறுபடியும் கன்னத்தை மேஜைமேல் வைத்தார்.

"எங்கேயாவது தட்டுதா?" என்று பதறினார் மருந்துக்காரர்.

"இல்லங்க. ரயில் வந்தா நாங்க ஒதுங்கி நிப்போமில்ல, அப்பவும் கண்ணு சக்கரத்துக்கு அடியிலதான் இருக்கும். ஜன்னல் போறதை எல்லாம் நின்னு பார்த்ததே இல்ல. இன்னொரு சுத்து விடுங்க. மெதுவா."

அவர் குமிழை மயிரிழை நகர்த்தினார். பிறகு அவரும் இந்தப் பக்கம் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

"அக்கா, நான் ஒரே ஒரு தடவை..."

"நீ உட்காரு."

அன்றைக்கு அந்த மேஜையில் தட்டு வைக்க மூன்று மணி ஆகிவிட்டது. சாப்பாடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. மாமியார் இரண்டு தடவை கேட்டார்.