மூன்றாம் மாடி சிஸ்டரின் எடை

அறுவை சிகிச்சை வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர், ஊழியர்களுக்கான வருடாந்தர உடல் பரிசோதனையன்று காலை பத்தேகாலுக்கு எடை மெஷினில் ஏறி நின்றபோது, அது நூற்று முப்பத்தெட்டு கிலோ நானூறு கிராம் காட்டியது. ஆள் மெலிந்தவர். பத்தொன்பது வருடச் சர்வீஸில் யூனிஃபார்ம் பெல்ட்டை ஒரே துளையில்தான் மாட்டிவந்தார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் மெஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார், அதே எண். எழுத்தர் தானே ஏறிப் பார்த்தார். அவருக்கு வழக்கமான அறுபத்தாறு. மறுவாரம் எடையளவுத் துறையிலிருந்து ஒருவர் இரும்பு எடைக்கற்களோடு வந்து சோதித்து, மெஷினில் கோளாறு ஏதுமில்லை என்று எழுதிக் கொடுத்து முத்திரை ஒட்டிவிட்டுப் போனார். அந்தக் காகிதம் சிஸ்டரின் கோப்பில் சேர்ந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் செய்யவில்லை. வார்டில் எல்லோருக்கும் தலைக்குமேல் வேலை இருந்தது.

சிஸ்டருக்கு அது புதிய செய்தி அல்ல. வேலைக்கு வந்த எட்டாவது வருடமே வீட்டில் கட்டிலின் கால் முறிந்தது. கணவர் தச்சர், தன் கைப்பட இழைத்த கட்டில் முறிந்ததை அவர் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் முறிந்த காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நான்கு கால்களுக்குப் பதில் எட்டுக் கால் வைத்து வேறொன்று செய்தார். "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று ஒருமுறை கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, அசதி" என்றார் சிஸ்டர். லிஃப்டில் நாலைந்து பேரோடு ஏறினாலே அதிக பாரம் என்று மணி அடித்ததால் படிக்கட்டில் போகப் பழகிக்கொண்டார். விசித்திரம் என்னவென்றால், அந்தப் பாரம் அவருக்குக் கீழே இருந்ததை மட்டுமே அழுத்தியது. அவர் தொட்டவர்களுக்கு அது தெரியவில்லை. தையல் பிரித்த நோயாளிகள் எல்லோரும், சிஸ்டரின் கை பஞ்சு போல இருந்ததாகத்தான் சொன்னார்கள். எடை எங்கிருந்து வருகிறது என்பதைச் சிஸ்டர் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். குணமாகி வீட்டுக்குப் போகிறவர் இருபது முப்பது கிராம் விட்டுப் போவார். பயந்தவர்கள் நூறு கிராம் வரை. இறந்து போகிறவர்கள் அரைக் கிலோவுக்குக் குறைந்து யாரும் விட்டுப் போனதில்லை.

அந்த வருடம்தான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அந்த அம்மாள் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். துணிப்பையில் சீவிய பென்சில்கள் ஒரு கட்டு இருக்கும். யாரைக் கண்டாலும் ஏதாவது கேட்பார் என்பதால் துப்புரவுப் பணியாளர்கள் அவருக்குக் கேள்விக்காரம்மா என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஒரே அறுவை சிகிச்சை, அதே டாக்டர்கள், அதே மருந்து. அப்படியிருக்க, இரண்டாம் மாடி நோயாளிகள் ஒன்பது நாளிலும் மூன்றாம் மாடி நோயாளிகள் ஆறு நாளிலும் வீடு திரும்புவது ஏன்? இங்கே மட்டும் தையல் சீழ் வைக்காதது ஏன்? இதைக் கண்டறியத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். பதினெட்டு மாதம் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேரின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார். ஜன்னல்களை அளந்தார், சோப்பைச் சோதித்தார், குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்பினார். எதிலும் வித்தியாசமில்லை. கடைசியில் ட்யூட்டி அட்டவணையைக் கேஸ் ஷீட்டுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விடை பளிச்சென்று தெரிந்தது. சிஸ்டரும் அவர் பழக்கிய ஐந்து நர்ஸுகளும் பார்த்துக்கொண்டவர்கள் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள். அவ்வளவுதான். கேள்விக்காரம்மா அதை அழகான அட்டவணையாகப் போட்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தார்.

கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. கைராசிக்காரர் என்று பெயரெடுத்த அறுவை மருத்துவர். நாலு பேர் பிழைக்க வேண்டும் என்று நினைப்பவர். அறிக்கையைப் படித்ததும் அவருக்கு நியாயமாகப் பட்டதைச் செய்தார். மூன்றாம் மாடியில் இருபத்து நான்கு படுக்கைகளை முப்பத்தாறு ஆக்கினார். நர்ஸுகள் அதே ஆறு பேர். "உங்க கையில குடுத்தா பொழைச்சுக்கறாங்க சிஸ்டர். அதான் உங்களை நம்பிக் குடுக்கறேன்" என்று சொல்லி ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார். சிஸ்டர் அதை வாங்கி, மருந்து அலமாரியில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார்.

அதன்பின் எடை மாதத்துக்கு மாதம் ஏறியது. நூற்று அறுபது. நூற்று எண்பத்தொன்று. ஐந்து நர்ஸுகளில் இளையவள், நாற்பத்தெட்டு கிலோவாக வேலைக்கு வந்தவள், எழுபத்தொன்று ஆனாள். அவள் ஸ்கூட்டரின் டயர் வாரம் ஒருமுறை வெடித்தது. மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் தரை ஓடு ஒன்று விரிசல் விட்டது. பிறகு இரண்டாம் மாடிக் கூரையில் ஒரு கோடு தோன்றியது. அது ஒரு முனையில் தொடங்கி, ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் வளைந்து நின்று, மறுமுனை வரை போனது. சிஸ்டர் தினமும் நடக்கும் பாதை அது. கட்டட எஞ்சினியர் வந்து கீழ்மாடியில் இரும்பு முட்டுகள் கொடுத்து, சிஸ்டர் ஓரிடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று எழுதி ஒட்டினார். அப்படி நிற்க யாருக்கு நேரம் இருந்தது என்று நர்ஸுகள் சிரித்தார்கள்.

இரண்டாவது சுற்று விவரம் எடுக்க வந்த கேள்விக்காரம்மா சிரிக்கவில்லை. ஆறு நாள் எட்டு நாளாகியிருந்தது. தையல்கள் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தன. இரண்டாம் மாடியில் முட்டுகளுக்கு நடுவே நின்று, அண்ணாந்து அந்தக் கோட்டை முனையிலிருந்து முனைவரை பார்த்தார். தன் அட்டவணைதான் இப்படிக் கூரையில் வந்து கிடக்கிறது என்று புரிந்தது. இந்த முறை அவர் நர்ஸுகளின் நலம் பற்றியும் ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார். இருபத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஆறு வரை மதிப்பெண். ஆறு நர்ஸுகளும் அத்தனை கேள்விக்கும் மூன்று என்ற கட்டத்தில், 'பரவாயில்லை' என்ற இடத்தில், குறி போட்டிருந்தார்கள். நூற்று முப்பத்திரண்டு குறிகள் ஒரே வரிசையில் நூல் பிடித்தாற்போல் நின்றன.

மாலை மூன்று மணிக்கு, துவைத்த விரிப்புகள் அடுக்கிய அறையில் சிஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கேள்விக்காரம்மா உள்ளே வந்து படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டார்.

"இதை விடுங்க சிஸ்டர். இருக்கறதுலயே கனமானது எது?"

"சொன்னா உங்களுக்கு என்னம்மா ஆகப்போகுது?"

"தெரியல. கேக்காமயே ரெண்டு வருஷம் எழுதிட்டேன்."

சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். பதினோராம் படுக்கை என்றார். பெயின்டர், முப்பத்து நாலு வயது. ஆபரேஷன் காலை பதினோரு மணிக்கு என்று வெறும் வயிற்றில் வைத்திருந்தார்கள். பதினொன்று ஒன்றாச்சு, ஒன்று மூன்றாச்சு. "'ஒரு வாய் தண்ணி குடுங்க சிஸ்டர், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் குடுக்கல. பஞ்சை நனைச்சு உதட்டுல வெச்சேன். மூணு மணிக்கு உள்ள போனவர் திரும்பி வரல." டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். "நான் செஞ்சது சரிதான்மா. இன்னிக்குக் கேட்டாலும் குடுக்க மாட்டேன். ஆனா அவர் கேட்டாரே."

கேள்விக்காரம்மா எழுந்தபோது அவர் கால் கனத்தது. இருவரும் போய் மெஷினில் ஏறினார்கள். காலையில் பார்த்ததைவிடச் சிஸ்டருக்கு ஒரு கிலோ ஐம்பது கிராம் குறைந்திருந்தது. கேள்விக்காரம்மாவுக்குச் சரியாக அதே அளவு கூடியிருந்தது.

ஒரு முறை நடந்ததை நம்பிவிடுகிறவர் அல்ல அவர். மூன்று வாரத்தில் பதினான்கு முறை அதே அறையில் உட்கார்ந்து கேட்டார். ஒன்பது கிலோ ஏறி, செருப்பு வார் அறுந்து, வாடகை வீட்டு மாடிப்படியில் நின்று நின்று ஏறும்படியான பிறகு முடிவுகளை எழுதினார். எழுதிக் கொடுத்தால் எடை இறங்காது. டேப்பில் பேசினாலும் இறங்காது. கேட்பவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவே கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. அப்படிக் கேட்டால், சொன்னதில் ஏறக்குறையப் பாதி கேட்டவரிடம் போகும். மீதி சொன்னவரிடமே தங்கும். முழுதாக ஒழிவதற்கு வழியில்லை. சிஸ்டர் இதை வீட்டில் கணவரிடமும் சோதித்தார். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தச்சர் ஐந்து பேரின் கதையைக் கேட்டார். சோறு ஆறிப்போயிற்று. எழுந்தபோது நாற்காலி முனகியது. "இதுக்குத்தானா கட்டில் ஒடஞ்சுது?" என்றார். "பாதியை முன்னாடியே எங்கிட்ட குடுத்திருக்கலாம்ல? நான் என் கட்டிலைத்தானே இத்தனை வருஷமா சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்."

ஆனால் ஒரு கேள்விக்காரம்மாவும் ஒரு தச்சரும் முப்பத்தாறு படுக்கைகளுக்கு ஈடுகொடுக்க முடியாது. மழைக்காலம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, நான்காம் படுக்கையும் முப்பத்தொன்றாம் படுக்கையும் ஒரே நேரத்தில் மணி அடித்தன. வார்டில் சிஸ்டர் மட்டும்தான் இருந்தார். மற்றவர்கள் ஆபரேஷன் தியேட்டரிலும் எக்ஸ்ரேயிலும் இருந்தார்கள். நான்காம் படுக்கை பக்கத்தில் இருந்தது, அங்கே போனார். முப்பத்தொன்றில் இருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை, பித்தப்பை எடுத்து இரண்டாவது நாள். பன்னிரண்டு நிமிடம் கழித்துச் சிஸ்டர் போய்ச் சேர்ந்தபோது, உள்ளுக்குள்ளே ரத்தம் போய் எல்லாம் முடிந்திருந்தது. கண்களை மூடிவிட்டு நிமிர்ந்தவரின் காலடியில் தரை நான்கு விரற்கடை அமிழ்ந்தது. அவரால் காலை எடுக்க முடியவில்லை.

கீழே காரை பெயர்ந்து விழுந்தது. இரண்டாம் மாடி நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளி அப்புறப்படுத்தினார்கள். யாரும் அவர் பக்கத்தில் போகக் கூடாதென்று எஞ்சினியர் வாசலில் நின்று கத்தினார். கண்காணிப்பாளர் தியேட்டர் உடுப்போடு ஓடிவந்து, "சிஸ்டர், பதறாதீங்க. நீங்க நாளையிலேருந்து லீவ் எடுத்துக்கங்க" என்றார். சிஸ்டர் அவரைப் பார்த்தார். லீவ் எடுக்கவும் கால் எழும்ப வேண்டுமே. அப்போது கேள்விக்காரம்மா எஞ்சினியரின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துச் சிஸ்டருக்கு எதிரே போட்டார்.

"சார், உக்காருங்க."

"இப்பவாம்மா?"

"இப்பத்தான் சார். அவங்க சொல்றதைக் கேளுங்க."

கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பார்த்தார். தரை இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிஸ்டர் சொன்னார். குறையாக அல்ல, யாரையும் குற்றம் சொல்லவில்லை. பன்னிரண்டு நிமிடத்தையும் நிமிடம் நிமிடமாகச் சொன்னார். முதல் நிமிடம் நான்காம் படுக்கைக்காரர் வாந்தியில் மூச்சுத் திணறியது. மூன்றாவது நிமிடம் முப்பத்தொன்றின் மணி நின்றது, அது நின்றதும் தனக்கு நிம்மதியாக இருந்தது. "நிம்மதியா இருந்துச்சு சார். பொறுத்துக்கறாங்கன்னு நெனைச்சேன்." ஏழாவது நிமிடம், எட்டாவது நிமிடம். பன்னிரண்டு வந்தபோது ஸ்டூலின் கால்கள் வெளிப்புறமாக வளைந்திருந்தன. சிஸ்டர் வலது காலைத் தூக்கினார், பிறகு இடது காலை. ஆசிரியை விட்டுப்போனது ஏழு கிலோ. அதில் ஐந்து கண்காணிப்பாளரிடம் போயிருந்தது. பாதிக்கு மேல் ஏன் போனது என்பதற்குக் கேள்விக்காரம்மாவிடம் விளக்கம் இல்லை. எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் உத்தரவு வந்தது. மூன்றாம் மாடியில் பழையபடி இருபத்து நான்கு படுக்கைகள்; புதிதாகப் பதினொரு நர்ஸுகள்; ட்யூட்டி மாறும்போது அரை மணி நேரம் உட்கார்ந்து பேசவும் கேட்கவும் மட்டுமே. கண்காணிப்பாளரின் மனம் மாறிவிட்டது என்று சிலரும், முழங்கால் வலி தாங்கவில்லை என்று சிலரும் சொன்னார்கள். அவர் அதன்பின் ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் நின்றுதான் ஏறினார். வாரம் ஒருமுறை, யாரும் கூப்பிடாமலே, மூன்றாம் மாடிக்கு வந்து உட்கார்ந்தார். எட்டு நாள் மீண்டும் ஆறு நாளானது. சிஸ்டர் மெல்ல மெல்ல இறங்கி எண்பத்தேழில் நின்றார். கேள்விக்காரம்மாவின் கட்டுரையை முதல் பத்திரிகை திருப்பி அனுப்பியது. இரண்டாவது பத்திரிகை, கிலோ என்பதைக் கிலோகிராம் என்று முழுதாக எழுதச் சொன்னதைத் தவிர வேறு திருத்தம் கேட்கவில்லை.

செய்தி வெளியே போய், இறந்தவர்களின் வீட்டார் வரத் தொடங்கினார்கள். மூன்றாவது வருடம் ஒரு மதியம், தோளில் பயணப்பையோடு ஒரு பெண் வார்டு வாசலில் வந்து நின்றாள். தூர தேசத்தில் வேலை, அம்மா இங்கே இறந்தபோது வர முடியவில்லை, ஆறு வருடமாகிறது. படுக்கை எண் பதினேழு என்றாள்.

"எங்க அம்மாவோடது இன்னும் இருக்கா சிஸ்டர்?"

"இருக்கும்மா. உக்காரு."

சிஸ்டர் அவள் எதிரே உட்கார்ந்தார். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, தலை வாரிவிடச் சொன்னார், சிக்கு எடுக்கும்போது வலிக்கிறது என்று கோபித்துக்கொண்டார், சாயங்காலம் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். "உன் பேரைச் சொல்லலம்மா. 'அவ இந்நேரம் சாப்பிட்டிருப்பாளா'ன்னு மட்டும் கேட்டாங்க. சாப்பிட்டிருப்பாங்கன்னு நான் சொன்னேன். அதுக்கப்புறம் பேசல."

அந்தப் பெண் நெடுநேரம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுத்துவிடச் சொன்னாள். "முழுசா வராதும்மா. எனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றார் சிஸ்டர். இளைய நர்ஸ் அவளை மெஷினில் ஏற்றி, வந்தபோது பார்த்த எடையைவிட அறுநூற்றைம்பது கிராம் கூடுதல் என்று பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மூன்று மாடியும் இறங்கினாள். கீழே வாசல் காவலாளி, இப்படி இறங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவர், தானே எழுந்து கண்ணாடிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் தலையசைத்துவிட்டு, வெயிலில், ஒவ்வோர் அடியாக அழுத்தி வைத்து நடந்து போனாள்.