முப்பதுக்குப் பதினொன்று

தாழ்வுபாட்டு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது பேருக்கும் வேளாவேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் சுபத்திரா. வயது ஐம்பத்தெட்டு. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய காலந்தொட்டு மருந்து அலுமாரிச் சாவி அவளுடைய இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

இந்த வருசம் புதுச் சட்டம் ஒன்று வந்தது, பிள்ளையள். ஐம்பத்தைந்து தாண்டிய ஊழியர் எல்லாரும் இணையத்தில் ஞாபகச் சோதனை செய்யவேணுமாம். புள்ளி குறைந்தால் மருந்தைத் தொடக்கூடாதாம்.

சுபத்திரா நிர்வாகியின் கந்தோரில் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். திரையில் பத்துச் சொற்கள் வந்து மறைந்தன. பிறகு ஒரு கும்பல் சொற்கள் வந்தன. அதுக்குள்ளே முதல் பார்த்ததுகளை மட்டும் மவுஸால் அமத்தவேணும். பத்தும் அவளுக்கு நல்ல நினைவு. ஆனால் அந்த அம்புக்குறியோ இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் ஓடுகிறது, மேலே தள்ளினால் கீழே விழுகிறது. அதோடு மல்லுக்கட்டி முடியமுதல் நேரம் முடிந்துபோனது.

‘முப்பதுக்குப் பதினொன்று. மறதிக்கான அறிகுறி’ என்றது திரை.

சோதனை நடத்த வந்த கீர்த்திகா அப்போதுதான் கிட்ட வந்து பார்த்தாள். “ஐயோ அன்ரி, மவுஸை மாறிப் பிடிச்சிருக்கிறியள்! வயர் அங்காலை, திரைப் பக்கமெல்லே இருக்கவேணும்.”

“முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. நான் இதைத் தொட்டதே இண்டைக்குத்தான்.”

“திரும்பச் செய்யிறதெண்டால் ஆறு மாசம் செல்லும்.”

நிர்வாகி தில்லைநாதன் கையை நீட்டினார். “சாவியைத் தாங்கோ, சுபத்திரா.”

அவள் எழும்பவில்லை. பத்துச் சொல்லையும் வரிசை பிசகாமல் வாயால் சொன்னாள்.

“வாயாலை சொன்னால் புள்ளி இல்லையே,” என்றார் தில்லைநாதன்.

“அப்ப நீங்கள் இருங்கோ ஐயா. வயரை உங்கடை பக்கம் திருப்பிப் பிடிச்சுக்கொண்டு செய்யுங்கோ. பதினொண்டுக்கு மேலை எடுத்தால் சாவி உங்களுக்கு.”

தில்லைநாதன் சிரித்துக்கொண்டுதான் கதிரையில் இருந்தார். கீர்த்திகா அவருடைய பேரைப் பதிந்து சோதனையைத் திறந்துவிட்டாள். மூன்றாம் சொல்லோடு சிரிப்பு போய்விட்டது. பல்லைக் கடித்தார், மவுஸை மேசையில் குத்தினார்.

“ஒன்பது,” என்றாள் கீர்த்திகா, வாயைப் பொத்திக்கொண்டு.

“உங்களுக்கு மறதி முத்திப்போச்சு ஐயா. இனி இந்தக் கந்தோரை ஆர் பாக்கிறது?” என்ற சுபத்திரா, கீர்த்திகாவின் படிவத்தைத் தட்டினாள். “கை பழகேல்லை, ஞாபகம் சரி எண்டு எழுதும் பிள்ளை.”

“அதுக்கு இதிலை இடம் இல்லை அன்ரி.”

“ஓரத்திலை எவ்வளவு வெள்ளை கிடக்குது! எழுதாமல் நான் கையெழுத்தும் வைக்கமாட்டன், சாவியும் தரமாட்டன்.”

கீர்த்திகா தில்லைநாதனைப் பார்த்தாள். அவர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

“எழுதும்,” என்றார். “என்ரை ஒன்பதை அழிச்சுப்போட்டு எழுதும்.”